மட்டக்களப்பிலிருந்து மலை ஏரிக்கரைக்கு: வீடு எடுத்துத் தங்கிவர முழுமையான வழிகாட்டி

செங்கலடிச் சந்தியில் மேற்கே பிரியும் வீதியைப் பதுளை வீதி என்போம். கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவ, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறிக்கொண்டே போய், நுவரெலியாவில் கிரகரி ஏரியின் கரையோரமாக ஓடி, கடைசியில் பேராதனையில் முடிகிற ஏ-5 பாதை அது. ஏரிக்கரையில் ஓடும் துண்டுக்கும் அந்த ஊரில் பதுளை வீதி என்றுதான் பெயர். நம் வாவிக்கும் அந்த ஏரிக்கும் இடையில் ஒரே வீதிதான்.

ஆனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் எப்படிப் போகிறோம்? இரவு வேனில் ஏறி, விடியற்காலை இறங்கி, அன்னப்படகில் ஒரு சுற்று, ஒரு படம், பூங்கா, கடை, திரும்ப வேன். ஏரியைப் பார்த்தோம் என்று சொல்லலாம், இருந்தோம் என்று சொல்ல முடியாது. மூன்று இரவு ஒரு வீடு எடுத்து, நாமே சமைத்து, காலையில் பனிமூட்டம் தண்ணீரை விட்டு எழும்புவதைத் திண்ணையில் இருந்து பார்ப்பது வேறு அனுபவம். அதற்குத் திட்டம் வேண்டும். இரண்டு தடவை போய் வந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள்

தாளில் எழுதுங்கள். எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பது முக்கியம். முழங்கால் வலி உள்ளவர், இழுப்பு உள்ளவர், கைக்குழந்தை, வளைவுப் பாதையில் சத்தி எடுக்கிற பிள்ளை, எல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். வேன் ட்ரைவரின் பெயரும் வரவேண்டும். வீட்டையும் மாதத்தையும் தெரிவு செய்யும்போது இந்தத் தாளில் ஆகக் கஷ்டப்படக்கூடியவர் யாரோ, அவருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றவர்கள் எங்கேயும் சமாளித்துக்கொள்வார்கள்.

இதை அனுபவப்பட்டே சொல்கிறேன். முதல் தடவை இரண்டு குடும்பம், பதினொரு பேர். விளம்பரத்தில் கண்ணாடி யன்னலும் அதற்கு அப்பால் ஏரியுமாக ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்தே காசைக் கட்டினேன். பின்னேரம் ஆறு மணிக்கு மழையோடு போய்ச் சேர்ந்தால், வாகனம் மேல் வீதியோடு சரி. வீடு கீழே, பள்ளத்தில். ஈரமான கற்படிகள் அறுபதுக்கு மேல். மாமாவும் ட்ரைவரும் கைகளைக் கோத்துக் கதிரை மாதிரிப் பிடித்து அம்மம்மாவை இறக்கினார்கள். மூன்று நாளும் அவ மேலே ஏறவே இல்லை. ஏரியை யன்னலால் பார்த்துவிட்டுத் திரும்பினா. எத்தனை படி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை.

மாதம்: கச்சான் காற்றைக் கணக்கில் எடுங்கள்

மட்டக்களப்பில் வெயில் கொளுத்தும்போது மலைக்கு ஓட மனம் வரும். அங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. வைகாசிக்குப் பிறகு நமக்கு வீசுகிற வறண்ட கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வந்து மலையகத்தின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடாகி நம் பக்கம் இறங்குகிற அதே காற்று. ஆகவே இங்கே கச்சான் அடிக்கிற ஜூன், ஜூலையில் நுவரெலியாவிலும் ஹற்றனை அடுத்த நோர்வூட் பக்கத்திலும் தூறலும் மூட்டமும்தான். குளிர் வேண்டும், மழை பரவாயில்லை என்றால் போகலாம். ஏரியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றால் பெப்ரவரி, மார்ச் மாதங்களே என் தெரிவு. பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனியும் படியும்.

ஏப்ரல் அங்கே ‘சீசன்’. புத்தாண்டை ஒட்டிக் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊர் நிறைந்துவிடும். வாடகை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும். பாடசாலை விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள் ஓகஸ்டில் கிழமை நாட்களாகப் பார்த்துப் போகலாம். போயா தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகம் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். எந்த மாதம் போனாலும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. செம்மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும், 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

எந்த ஏரி?

கிரகரி ஏரி 1873 இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உண்டாக்கியது. ஊர் சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடை, ஆஸ்பத்திரி, மருந்தகம், கோயில் எல்லாம் கிட்ட. கரையோரம் நடைபாதை சமதரை. முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் இதுதான். சத்தமும் சனமும் உண்டு, அதனால் ஏரிக்கரையிலேயே இல்லாமல் சற்றுத் தள்ளியுள்ள வீடாகத் தேடுங்கள்.

அமைதிதான் வேண்டும் என்றால் ஹற்றனுக்கு அப்பால் காசல்ரீ, மவுசாக்கலை. சுமார் 1,100 மீட்டர் உயரம், குளிர் கொஞ்சம் குறைவு, சுற்றிவரத் தேயிலை. பழைய தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் பல இங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் நமக்கு நுவரெலியாவைத் தாண்டி இன்னும் ஓடவேண்டும். இரண்டுமே மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள் என்பதால் தண்ணீர் ஏறி இறங்கும். விளம்பரப் படத்தில் கரை முட்டத் தண்ணீர் நிற்கும், மார்ச்சில் போய் நின்றால் செம்மண் கரை அகலமாகத் தெரியும். எனக்கு அதுவும் பிடித்த காட்சிதான். மவுசாக்கலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றும்போது அந்தக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். டிசம்பர் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம், அந்த வீதிகளில் இரவிலும் நெரிசல் இருக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவு தூரம் முடியாது என்கிற குடும்பங்களுக்கு அம்பாறையில் இங்கினியாகலை இருக்கிறது. மலைகள் சூழ்ந்த சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் அங்கேதான். குளிர் இல்லை, ஆனால் ஓர் இரவு தங்கி, காலையில் படகில் போய்த் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்துவதைப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

வீட்டைக் கேள்வி கேட்டுத் தெரிவு செய்யுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். ஏர்பிஎன்பி, புக்கிங் டொட் கொம், முகநூல், எதில் பார்த்தாலும் மூன்று வீடுகளைத் தெரிந்துவைத்து மூன்றையும் பற்றி ஆட்களோடு கதையுங்கள். சொந்தக்காரர் கொழும்பில் இருக்கலாம். வீட்டில் இருக்கிற பராமரிப்பாளரின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். மலையகத்தில் அவர் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவராக இருப்பார், அது நமக்கு ஒரு பெரிய வசதி. அண்ணே, அக்கா என்று மரியாதையாகக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

முதற்கேள்வி, வேன் எதுவரை வரும், இறங்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? கார் வரும் என்றால் வேன் வரும் என்று அர்த்தமில்லை, தோட்டப் பாதைகளின் வளைவில் நீள வேன் திரும்பாது. அடுத்தது, கீழ்த்தளத்தில் படுக்கையறையும் அதோடு ஒட்டிய கொமோட் உள்ள கழிப்பறையும் இருக்கிறதா? பழைய பங்களாக்களில் குளியலறை வெகுதூரத்தில் இருக்கும், இரவு மூன்று மணிக்கு அந்தக் குளிரில் முதியவர் நடக்க முடியாது.

சுடுதண்ணீரைப் பற்றித் துருவிக் கேளுங்கள். ‘ஹொட் வோட்டர் இருக்கு’ என்பது பதில் இல்லை. எத்தனை குளியலறையில், கறன்ட் போனால் என்ன வழி, எட்டுப் பேர் அடுத்தடுத்துக் குளித்தால் காணுமா? சிறிய கீசரில் மூன்றாம் ஆளோடு தண்ணீர் ஆறிவிடும். கம்பளி ஓர் ஆளுக்கு இரண்டு வேண்டும்.

‘லேக் வியூ’ என்றால் ஏரி தெரியும், அவ்வளவுதான். வாசலிலிருந்து தண்ணீருக்கு எத்தனை நிமிட நடை, இடையில் பெரிய வீதி உண்டா, சின்னப் பிள்ளைகள் இருந்தால் கரைப்பக்கம் வேலி உண்டா என்று கேளுங்கள். பிறகு, “அண்ணே, இப்ப திண்ணையில நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா?” என்று கேளுங்கள். இன்றைய படம் ஒன்று, விளம்பரத்தில் உள்ள இருபது படங்களைவிடப் பெறுமதி. முடிந்தால் வீடியோ கோலில் வாசலிலிருந்து சமையலறை வரை ஒருமுறை நடந்து காட்டச் சொல்லுங்கள். வீடு உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கும் அதுதான் சாட்சி.

ட்ரைவருக்கு அறை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பல குடும்பங்கள் இதை மறந்துவிடுகின்றன, மனுசன் வேன் சீற்றில் சுருண்டு படுக்கிறார். மலை வளைவுகளில் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கையில். அவருக்கு ஒரு கட்டில், ஒரு கம்பளி, சுடச்சுடச் சாப்பாடு கிடைக்காத வீடு எனக்கு வேண்டாம்.

சமையலறையைப் பயன்படுத்தலாமா, கேஸ் யார் கணக்கு, சமையற்காரர் இருந்தால் அவருக்குத் தனிக் காசா, இதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

காசு

முழுக்காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒரு பகுதியை முற்பணமாக வங்கியில் போட்டு, மிச்சத்தைப் போய்ச் சேர்ந்து வீட்டைப் பார்த்த பிறகு கொடுப்பது என்று பேசுங்கள். கணக்கின் பெயரும் பேசுகிறவரின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வந்துபோகும் நாள், அறைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, வீதி மூடப்பட்டால் முற்பணம் என்னாகும் என்பவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் ‘ஓம்’ என்று பதில் போட்ட பிறகே காசு போகவேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடமா என்று கேட்பதில் தவறில்லை, பதிந்தவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். செயலிகள் மூலம் எடுத்தால் சேவைக் கட்டணம் சேர்த்த கடைசித் தொகையைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பெட்டியில் என்ன, கூடையில் என்ன

உடுப்பை அடுக்கடுக்காக உடுத்தக்கூடியதாகக் கொண்டுபோங்கள். தடித்த ஒரு ஜக்கெற்றைவிட, பருத்தி உள்ளாடை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு நல்லது. காலுறை ஆளுக்கு நான்கு சோடி வையுங்கள், ஈரமானால் அங்கே காயாது. தொப்பியும் கழுத்துத் துணியும் முதியவர்களுக்குக் கட்டாயம். மருந்துகளை நாள் கணக்குக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுங்கள்.

சமையலில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை குறையும், நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதி வந்துவிடும். அதனால் சோறும் பருப்பும் கடலையும் வேக அதிக நேரம் எடுக்கும். முதல் நாள் இரவு நம் நாட்டரிசியைப் போட்டுவிட்டு, கொதிக்கிறதே, ஏன் அவியவில்லை என்று வீடே அடுப்பைச் சுற்றி நின்றது. இரண்டாம் பயணத்தில் பிரஷர் குக்கரைக் கொண்டுபோனோம், அந்தக் கவலை தீர்ந்தது. அரிசியை அரை மணித்தியாலம் ஊறவைத்தாலும் உதவும்.

மரக்கறி இங்கிருந்து கட்டவேண்டாம். வெலிமடை, கெப்பெட்டிப்பொல வழியில் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் தோட்டத்திலிருந்து நேரே வீதியோரம் வந்திருக்கும். கொண்டுபோக வேண்டியது தேங்காய், மிளகாய்த்தூள், புட்டு மா, நல்லெண்ணெய், மாசிக் கருவாட்டுச் சம்பல். அந்தக் குளிரில் ஆவி பறக்கும் புட்டும் சம்பலும் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பயண நாள்

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். புல்லுமலை, மகா ஓயாப் பக்கம் யானை வீதிக்கு வரும், இருட்டில் அந்தக் காட்டைத் தாண்டக்கூடாது. 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஆனால் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது. பிபிலை தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். சத்தி வருகிற பிள்ளைக்குக் காலையில் கொஞ்சமாகச் சாப்பாடு, முன் சீற், ஒரு தேசிக்காய். பதுளையில் பகல் சாப்பாடு வைத்துக்கொள்ளலாம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள் சியம்பலாண்டுவை, மொணராகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறலாம்.

வெலிமடையிலிருந்து ஏறும்போது ஹக்கலைத் தாவரவியற் பூங்காவும், சீதா எலியாவில் சீதையம்மன் கோயிலும் வழியிலேயே வரும். போகிற அன்றே எல்லாவற்றிலும் இறங்கவேண்டாம். கோயிலில் மட்டும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். வெளிச்சத்தில்தான் வீட்டைச் சரிபார்க்க முடியும்.

போய்ச் சேர்ந்ததும்

பெட்டியைத் திறக்க முன் கீசரைப் போட்டுப் பாருங்கள், கம்பளியை எண்ணுங்கள், கேஸ் அடுப்பைப் பற்றவையுங்கள். ஏற்கெனவே உடைந்த கண்ணாடி, கீறல் இருந்தால் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கரிச்சட்டியை, கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காயாதீர்கள். கரி எரியும்போது காபன் மொனொக்சைட் வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சுவரில் புகைபோக்கியோடு கட்டிய கணப்பு இருந்தால், பராமரிப்பாளரைக் கொண்டு மூட்டி, ஒரு யன்னலைச் சற்றுத் திறந்துவைத்து, படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். நாம் வெக்கையில் வளர்ந்த சனம், நெருப்போடு ஒரே அறையில் தூங்கிப் பழக்கமில்லை.

அதேபோல் தண்ணீர். வாவியில் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீரும் வாவிதான். நம் வாவி பெரும்பாலும் ஆழமில்லாதது, இளஞ்சூடானது. மலை நீர்த்தேக்கத்தின் கரை இரண்டு அடியில் செங்குத்தாக இறங்கும், கால் சேற்றில் புதையும், குளிர் கை கால்களைச் சட்டென்று மரக்க வைக்கும். குளிக்க இறங்கவே வேண்டாம். படகில் ஏறினால் ஆளுக்கொரு மிதவை அங்கி, குழந்தைக்கும்.

மூன்று நாள்

ஒருநாளைக்கு ஓரிடம் போதும். முதல் முழுநாள் எங்கும் போகாமல் ஏரியோடு இருங்கள், உடம்புக்கும் குளிர் பழகும். அடுத்த நாள் ஹக்கலைப் பூங்கா. 1861 இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம், இப்போது ரோசாவும் பன்னங்களும் நிறைந்து கிடக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குப் போகும் இளையவர்கள் விடியற்காலையிலேயே புறப்படட்டும், பத்து மணிக்குள் உலக முடிவைப் பனி மூடிவிடும். நடை நீளம், முதியவர்களை வீட்டில் விடுங்கள். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் காட்டோரம் நடந்தால் அட்டை கடிக்கும், உப்பு ஒரு சரை கையில் இருக்கட்டும்.

தோட்டத்து பங்களாவில் தங்கினால், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பக்கத்திலேயே இருக்கும். 1823 இலிருந்து இந்த மலையை உழைத்துக் கட்டியவர்களின் வீடுகள் அவை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒரு வணக்கம், ஒரு சுகவிசாரிப்பு, அவ்வளவில் எத்தனை வீட்டில் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டார்கள் தெரியுமா!

இரண்டாவது தடவை கிரகரி ஏரிக்குக் கிட்ட, படியே இல்லாத வீடு. காலை ஏழு மணி, மூட்டம் பாதி விலகியிருந்தது. அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, கரையில் குனிந்து தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தா. “இது தண்ணியா மனே, ஐசு” என்று சொல்லிவிட்டு, மற்றக் கையையும் வைத்தா.

திரும்பும்போது

குப்பையைக் கட்டி, எங்கே போடுவது என்று கேட்டுப் போடுங்கள். பராமரிப்பாளருக்கும் சமையற்காரருக்கும் கையில் நேரே ஏதாவது கொடுங்கள், வாடகையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்குள் புறப்பட்டால் மகா ஓயாவை வெளிச்சத்தில் தாண்டலாம். இறக்கத்தில் சிறிய கியரில் வரச் சொல்லுங்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி வேலை செய்யாமல் போகும். நேரம் இருந்தால் மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு, கை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மூன்று நாள் குளிரில் இறுகிப்போன முழங்கால்களுக்கு நன்றாக இருக்கும்.

வீடு வந்து சேர்ந்ததும் பங்களா அண்ணைக்கு ஒரு கோல் எடுத்து, வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அவர் அந்த வளைவுகளை நினைத்துக்கொண்டு இருப்பார்.